மூன்றாம் தட்டில் ஒரு சங்கு

என் கணவர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பெட்டி ஏழு மாத காலம் எங்கள் வீட்டில் பிரிக்கப்படாமலே இருந்தது. கறுப்பு அட்டைப்பெட்டி. மேற்புறம் வெள்ளி நிறத்தில் ஓர் இசைக்குழுவின் பெயர். அதைச் சுற்றிச் சுருக்கம் விழாமல் இறுகப் போர்த்திய கண்ணாடித்தாள். உள்ளே ஐந்து இசைத்தட்டுகள் இருப்பதாகப் பின்பக்கத்துப் பட்டியல் சொன்னது. அவர் நகரின் மறுகோடியில் இருந்த ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பயிற்சிக்காக ஆறு மாதம் அங்கே அனுப்பப்பட்டவர்களில் மற்றவர்கள் கேமராவும் வாசனைத் திரவியமும் வாங்கிவந்தார்கள். இவர் இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தார்.

கல்லூரி நாட்களில், பிரதிக்குப் பிரதி எடுத்து மங்கிப்போன ஒரு கேசட்டில்தான் அவர் அந்தக் குழுவை முதலில் கேட்டிருக்கிறார். முரசும் கிதாரும் போதாதென்று தொழிற்கூடத்து இரைச்சலையும் இசையாக்கிய ஆட்கள் என்பார். இவர் கேட்கத் தொடங்கியபோதே அந்தக் குழு கலைந்துபோயிருந்தது. அதனாலோ என்னவோ, இறந்தவர்களைப் பற்றிப் பேசும் குரலில்தான் அவர்களைப் பற்றிப் பேசுவார்.

"எப்பதான் பிரிப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புது ஊசி வரட்டும். பிளேயர்ல இருக்கிற ஊசி தேய்ஞ்சுபோச்சு. அதைப் போட்டா தட்டை உழுதுடும்."

அங்கே உடன் பயின்ற ஒருவருக்கு ஊசி கேட்டுக் கடிதம் எழுதியிருந்தார். அது வரும்வரை பெட்டி அலமாரியின் மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இறக்கி, துடைத்து, திரும்ப வைப்பார்.

"சாமி படத்தைக்கூட நீங்க இப்படித் தொடச்சதில்ல."

"சாமிக்கு ஊசி வேணாமே."

ஜீவனஹள்ளியில் வாடகை வீடு. தெருவைப் பார்த்த ஒரு கூடம், உள்ளே ஓர் அறை, சமையலறை, பின்னால் துணி துவைக்கும் இடம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் பணி ஓய்வு பெற்ற கன்னட ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். தெருவில் பாதி வீடுகள் தமிழ் பேசின. எது எந்த வீடு என்று யாரும் கணக்கெடுத்ததாக எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

என் மாமனாரும் எங்களோடு இருந்தார். ஒக்கலிபுரத்துக்கு அருகில் இருந்த துணி ஆலையில் முப்பத்திரண்டு வருடம் தறி ஓட்டியவர். காது அங்கேயே பாதி போய்விட்டது. ஓய்வு பெற்றபின் நினைவும் மெல்ல மெல்லக் கலைந்தது. ஒரு பழக்கம் மட்டும் வலுத்தது. எந்த மனிதக் குரல் கேட்டாலும், அது வானொலியில் செய்தி வாசிப்பவருடையதாக இருந்தாலும், அதற்குப் பதில் சொல்வார். காது மந்தமானவர்களின் உரத்த குரலில், தெருமுனை வரை எட்டும்படி, தமிழில்.

"உங்க மாமனாரு ரேடியோல வர்ற மந்திரிக்கெல்லாம் பதில் சொல்றாரு கண்ரீ. சட்டசபைக்கே அனுப்பிடலாம்" என்று ஆசிரியை பின்கட்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்த உரத்த குரல் எங்கள் தெருவில் ஒரு வேடிக்கையாக மட்டுமே இருந்த காலம் அது.

தொண்ணூற்றொன்றாம் வருடம் டிசம்பரில் காவிரி நீர்ப் பங்கீட்டையொட்டி நகரம் கொதித்தது. அன்று காலை என் கணவர் வழக்கம்போல் வேலைக்குப் போனார். நண்பகலில் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் ஓசை கேட்டது. பிறகு பேருந்துகளின் ஓசை நின்றது. மாலைக்குள் ஊரடங்கு அறிவித்துவிட்டார்கள். ஆசிரியை வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. அவர் பின்கட்டு வழியாக என்னை அழைத்துப்போய் ரிசீவரைக் கையில் கொடுத்தார்.

"ஃபேக்டரிலயே இருக்கச் சொல்லிட்டாங்க. வழியில வண்டியெல்லாம் எரியுதாம்" என்றார் என் கணவர். "நீ கதவைத் திறக்காதே. அப்பாவைப் பாத்துக்கோ. அப்பா..."

அவர் முடிக்கவில்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

திரும்பி வந்து, ஆசிரியை சொன்னபடி, கூடத்திலிருந்த தமிழ் நாட்காட்டியைக் கழற்றினேன். வார இதழ்களையும் புத்தகங்களையும் மெத்தைக்கு அடியில் அடுக்கினேன். சிலர் வீட்டின் முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் பின்வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள், ஆளில்லாத வீடுபோலத் தெரியட்டும் என்று. அதையும் செய்யவா என்று உடன் வந்த ஆசிரியையிடம் கேட்டேன்.

"வேணாம். பூட்டின வீட்டைத்தான் முதல்ல உடைக்கிறாங்களாம்" என்றார். பிறகு எங்கள் கூடத்தை எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து என் மாமனாரின் குரல் வந்துகொண்டிருந்தது. "எல்லாத்தையும் மறைச்சிட்டீங்க. இவர் குரலை எந்தப் பெட்டில வைப்பீங்க?"

மாமனாருக்கு வாயில் விரலை வைத்துச் சைகை காட்டினேன். "எதுக்கு? யாரு செத்துட்டாங்க?" என்று அவர் கூரை அதிரக் கேட்டார். கன்னட வானொலியை வைத்தால் அவர் குரலை மூடலாம் என்று நினைத்தேன். செய்தி வாசித்தவரோடு அவர் வாக்குவாதத்தில் இறங்கினார். வீட்டிலிருந்த கேசட்டுகளில் எல்லாம் மனிதக் குரல். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தெருவில் பலர் சேர்ந்து ஓடும் காலடிகள் கேட்டன. அவை எங்கள் வாசலைக் கடக்கும்வரை நான் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன். எழுபது வயது மாமனாரின் வாயை மருமகள் பொத்துவது. அவர் என் கையை விலக்கவில்லை. கண்களை மட்டும் அகல விரித்து, என்ன தவறு செய்தேன் என்பதுபோல் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னொரு முறை என்னால் தாங்கியிருக்க முடியாது.

அப்போதுதான் அலமாரியின் மேலிருந்த பெட்டியை இறக்கினேன். குரலே இல்லாத பக்கங்கள் அதில் நிறைய உண்டு என்று என் கணவர் சொல்லியிருந்தார். கண்ணாடித்தாளைக் காய்கறிக் கத்தியால் கீறினேன். தேய்ந்த ஊசி தட்டை உழும் என்பதை அறிந்தே முதல் தட்டில் அதை இறக்கினேன்.

முரசு தொடங்கியது. ஒரே அடி. ஏறாமல், இறங்காமல், களைக்காமல் அது போய்க்கொண்டே இருந்தது. அடியில் ஓர் உறுமல். மேலே உலோகம் உலோகத்தில் உரசும் ஓசை. பாட்டு என்று நான் அறிந்த எதுவும் அதில் இல்லை. சொல்லிக்கொண்டிருந்த சொல்லின் நடுவில் என் மாமனார் நின்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கை காற்றில் எதையோ பிடித்தது. வலது கை நூல் தீர்ந்த குழலை எடுத்துவிட்டுப் புதுக் குழலைச் செருகியது. பிறகு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உதட்டருகில் கொண்டுபோய்க் காட்டினார்.

தண்ணீர் கேட்கிறார் என்று புரியச் சிறிது நேரம் ஆயிற்று. தறிக்கூடத்தின் இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. அங்கே வேலை செய்தவர்கள் கையாலும் உதட்டசைவாலும்தான் பேசிக்கொள்வார்கள். தட்டு சுழலும்வரை அவர் தறியின் முன் இருந்தார். தறியின் முன் இருக்கும்வரை வாய் திறக்கவில்லை.

ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடும். முடிந்ததும், "என்னா, தறி நின்னுபோச்சா?" என்று முழங்குவார். ஆகவே பத்து எண்ணுவதற்குள் கைப்பிடியைத் தூக்கி, தட்டைத் திருப்பி, ஊசியை இறக்கக் கற்றுக்கொண்டேன். இரவில் மாத்திரையின் தயவால் உறங்கினார். விழித்திருந்த நேரமெல்லாம் தட்டு ஓடியது. அவருடைய சைகைகளும் எனக்குப் பழகின. உள்ளங்கையை விரித்துத் தட்டினால் குழல் கொண்டுவா. இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்தால் பாவு நூல் அறுந்துவிட்டது, உடனே வா. மணமாகி ஆறு வருடங்களில் அவரும் நானும் அத்தனை பேசிக்கொண்டதில்லை.

"அது என்ன பாட்டுரீ? கல்லு அரைக்கிற மாதிரி இருக்கு" என்றார் ஆசிரியை மறுநாள் காலை.

"ஜெர்மன்."

"ஜெர்மன்காரங்களுக்கு நம்ம மேல என்ன கோபம்?" என்றவர், சிரிப்பை உடனே அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மூலைல நாலஞ்சு பேரு உக்காந்திருக்காங்க. நம்ம தெரு ஆளுங்க இல்ல. ஓட்டுங்க, நிறுத்தாதீங்க. இது எந்த பாஷைன்னு யாருக்கும் தெரியாது."

நிறுத்தவில்லை. ஆனால் மாமனார் காதில் விழுமளவுக்கு ஓட்டினால் தெரு முழுவதும் கேட்டது. ஊரே வாய்மூடிக் கிடக்கும் நாளில் ஒரு வீடு மட்டும் இரைந்துகொண்டிருப்பது எத்தனை நேரத்துக்குக் கவனத்தில் படாமல் இருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் முன்கதவின் தாழை இழுத்துப் பார்த்தேன். ஜன்னல் இடுக்கு வழியாக டயர் எரியும் நாற்றம் வந்துகொண்டிருந்தது.

முதல் தட்டின் இரு பக்கங்களையும் மட்டுமே மாற்றி மாற்றி ஓட்டினேன். அவை எப்படிப் போகும் என்று தெரியும், மற்றவை தெரியாது. இரண்டாம் நாள் பிற்பகலில் ஊசி அந்தத் தட்டை உழுது முடித்துவிட்டது. ஒரே பள்ளத்தில் மாட்டி, ஒரே அரை அடியைத் திரும்பத் திரும்ப அடித்தது. என் மாமனார் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்தார். நான் அசையாமல் நிற்பதைக் கண்டு முகம் சிவந்து இன்னொரு முறை பிரித்தார். வாய் திறக்கப்போகிறார் என்று தெரிந்தது. பெட்டிக்குள் கை விட்டு முதலில் அகப்பட்டதை எடுத்துப் போட்டேன். மூன்றாம் தட்டு.

அதிலும் முரசுதான் தொடங்கியது. முன்னதைவிடச் சீரானது. அவர் கைகள் அமைதியடைந்தன. சில நிமிடங்கள் நின்று பார்த்துவிட்டு, அடுப்பிலிருந்த சோற்றை வடிக்கப் போனேன்.

கஞ்சி இறங்கிக்கொண்டிருந்தபோது முரசுக்கு உள்ளிருந்து ஒரு நீண்ட ஓலம் எழுந்தது. தாழ்ந்த சுருதியில் தொடங்கி, மெல்ல ஏறி, உச்சியில் நின்றது. வயலின் ஓசையை ஒலிநாடாவில் மெதுவாக ஓடவிட்டுச் செய்தது அது என்று பல வருடங்களுக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அது ஓர் ஆலைச் சங்கு. அதைத் தவிர வேறெதுவாகவும் அது இல்லை. பானையை விட்டுவிட்டு ஓடிவந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. மாடத்தில் வைத்திருந்த அவருடைய பழைய சாப்பாட்டுத் தூக்கைக் காணோம். முன்கதவு விரியத் திறந்திருந்தது. அவருடைய வேலை நேரம் முடிந்திருந்தது.

வாசலில் நின்றேன். அவர் தெருவின் நடுவில், தூக்கு ஒரு கையில் ஆட, அவசரமில்லாமல் மூலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். மூலையில் புகை. அடைத்த கடையின் படியில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் எழுந்து நின்றார்கள். கூப்பிட வாயைத் திறந்தேன். மாமா என்ற சொல்தான் நாவுக்கு வந்தது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பது அது வெளியே வருமுன் தெரிந்துவிட்டது. அந்தத் தெருவில் ஆறு வருடம் கன்னடம் பேசியவள் நான். அந்தக் கணத்தில் ஒரு கன்னடச் சொல்கூட என்னிடம் இல்லை.

"நில்லு தாத்தா. எல்லிகெ ஹொரட்டெ?" எங்கே கிளம்பிவிட்டாய் என்று ஒருவன் கேட்டான். கையிலிருந்த கட்டையை அவருக்குக் குறுக்கே நீட்டினான்.

என் மாமனார் நின்றார். தூக்கைத் தரையில் வைத்தார். இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக உயர்த்தி விரித்து, அசையாமல் நின்றார்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் விளையாட்டாக அவர் சட்டைப்பையைத் தடவினான். இன்னொருவன் தூக்கைக் காலால் தள்ளித் திறந்தான், உள்ளே ஒன்றுமில்லை. மூன்றாமவன் அவர் இடுப்பைச் சுற்றிக் கைவிட்டான். அவர் பொறுமையாக, பழகியவராக, அதற்கு வசதியாகச் சற்றே திரும்பிக் கொடுத்தார்.

"யாரு நீனு?" என்றான் கட்டை வைத்திருந்தவன்.

அவர் வாய் திறந்தார்.

"நானூற ஹதினேளு" என்றார் கன்னடத்தில், தெரு முழுவதும் கேட்கும்படி. நானூற்றுப் பதினேழு.

"நம்பர் ஹேள்தானல்லோ! ஜைலிந்த பந்தவ்னெ கணோ!" சிறையிலிருந்து வந்த கிழவன் என்று ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். கட்டை வைத்திருந்தவன் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த கேள்வி அவன் முகத்தில் தெரிந்தது. அது பெயரைக் கேட்கும் கேள்வி.

அதற்குள் ஆசிரியை வீட்டு ஜன்னல் படீரென்று திறந்தது. "தலெ சரி இல்ல கணப்பா அவரிகெ. ஒளகெ களிஸு!" அவருக்குப் புத்தி சரியில்லை, உள்ளே அனுப்பு என்பதை, நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரலில் அவர் சொன்னார். அவன் ஜன்னலைப் பார்த்தான், கிழவரைப் பார்த்தான். கட்டையைத் தாழ்த்தினான்.

"ஹோகு."

போ என்ற அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவர்போல் என் மாமனார் கைகளை இறக்கினார், தூக்கை எடுத்தார், நடந்தார். வீட்டை நோக்கி அல்ல. மூலையைத் தாண்டி, புகையைத் தாண்டி, ஒக்கலிபுரத்தில் என்றோ காலி செய்துவிட்ட வீட்டை நோக்கி.

நான் இறங்கி ஓடினேன். அவர்கள் எல்லோரையும் கடந்து, அவருக்கு முன்னால் போய் நின்றேன். பேசவில்லை. இரண்டு விரல்களைச் சேர்த்து அவர் கண்ணெதிரே பிரித்தேன். பாவு நூல் அறுந்துவிட்டது. அவர் சலித்துக்கொண்டார், வேலை நேரம் முடிந்தும் இதென்ன தொல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். ஆனால் திரும்பினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஐந்து பேருக்கும் நடுவே மறுபடி நடந்தேன். எங்கள் வாசலிலிருந்து ஓலம் ஓய்ந்து முரசு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏன் ஹாடு அது?" என்றான் கட்டை வைத்திருந்தவன். அது என்ன பாட்டு.

"ஜர்மன்" என்றேன்.

அவன் என்னை நீண்ட நேரம் பார்த்ததாக எனக்கு நினைவு. உண்மையில் இரண்டு நொடிகூட இருந்திருக்காது. கதவைத் தாழிட்டபின்தான் கஞ்சி கொட்டி என் பாதம் வெந்திருந்ததைப் பார்த்தேன்.

நான்காம் நாள் காலை ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்தினார்கள். என் கணவர் நடந்தே வந்து சேர்ந்தார். தந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கிழிந்த கண்ணாடித்தாளையும் முதல் தட்டையும் பார்த்தார். கறுத்து மின்ன வேண்டிய இடம் சாம்பல் நிறமாகியிருந்தது. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"கையைத் தூக்கி நின்னாரா?" என்று மட்டும் கேட்டார்.

ஆலை வாசலில் நாள்தோறும் சோதனை உண்டாம். துணியைத் திருடி இடுப்பில் சுற்றிக்கொண்டு போகிறார்களா என்று காவலாளி ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பாராம். வாசல் காவலாளிகளும் நேரம் குறிப்பவர்களும் கன்னடக்காரர்கள். பெயரைக் கேட்க மாட்டார்கள், எண்ணை மட்டும் கேட்பார்கள். "பள்ளிக்கூடம் விட்டு அவரைப் பாக்கப் போனா, கேட்டுக்கு வெளியே நின்னு பாப்பேன். எங்கப்பா கையைத் தூக்கிட்டு நிக்கிறதைப் பாக்கவே எனக்குப் பிடிக்காது" என்றார். தட்டைப் பற்றி அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, பின்னரும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் நகரில் எல்லோருக்கும் ஓர் ஆசிரியையின் ஜன்னல் கிடைத்துவிடவில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போயின. எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. நாட்காட்டியைத் திரும்ப மாட்டினோம். ஆனால் தெருவில் யாரேனும் யாரையேனும் உரக்க அழைத்தால் என் கை தானாக எழுந்து காற்றில் ஒரு வாயைத் தேடியது. அது நிற்க வருடங்கள் ஆயின.

என் மாமனார் அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். புது ஊசி வந்தது. பகல் பொழுதில் ஒரு பக்கம் ஓட்டாவிட்டால் அவருக்கு வேலை இல்லாத தவிப்பு வந்துவிடும். மூன்றாம் தட்டை நாங்கள் தொடவே இல்லை. ஆனால் சங்கு இனி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மாலையானால் தானே எழுந்து, தூக்கை எடுத்துக்கொண்டு முன்கதவுக்கு வந்து, அதைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை விரித்து நிற்பார். யாராவது வந்து சோதிக்கும்வரை நகர மாட்டார். முதல் முறை என் கணவர் அவர் கைகளைப் பிடித்து இறக்கப் பார்த்தார். அவர் நடுங்கி, இன்னும் உயர்த்தினார். என் கணவர் உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையதாயிற்று. சட்டைப்பைகளைத் தொடுவேன், இடுப்பைச் சுற்றி ஒருமுறை தடவுவேன், போகலாம் என்று கன்னடத்தில் "ஹோகி" என்பேன். அவர் கைகளை இறக்கிவிட்டு நிம்மதியாக உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்.

ஒரு மாலையில் இடுப்பில் என் விரல்களுக்கு ஏதோ தட்டுப்பட்டது. வேட்டி மடிப்பின் கீழே நாலாக மடித்து வைத்த பச்சைத் துணி. நான் தைக்கக் கொடுக்க எடுத்துவைத்திருந்த ரவிக்கைத் துண்டு. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கதவையே பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் எப்போதாவது அப்படி ஒரு துண்டைக் கொண்டுபோக முயன்றாரா, எப்போதாவது பிடிபட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கக்கூடிய நிலையில் அவர் இல்லை.

கையை எடுத்தேன். மற்ற பையையும் வழக்கம்போல் தொட்டுப் பார்த்தேன்.

"ஹோகி" என்றேன்.